பவுடர் போடும் சாக்கு

"எழுந்திருக்காதீங்க சார், கழுத்துல ரெண்டு தட்டு பவுடர் போட்டு விட்டுடறேன்" என்று மாமா பக்கத்து நாற்காலியிலிருந்து வந்துவிடுவார். அவர் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் முகம் முழுக்க நுரையோடு கண்ணை மூடிக் கிடப்பார். கிடக்கட்டும். இரண்டாவது நாற்காலியில் மாப்பிள்ளை வெட்டி முடித்த தலை எதுவானாலும், மாமா வந்து பிடரியில் பவுடர் தட்டாமல் அது வாசலைத் தாண்ட முடியாது. ஒரு கை பவுடர் தட்டும்போது, மற்ற கை துண்டுக்கடியில் எதையோ வைத்துக்கொண்டு இடது காதுப் பக்கம் ஒரு நிமிடம் வேலை செய்யும். அந்த நேரம் மாப்பிள்ளை சீப்பைக் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்பியிருப்பார். பழைய வாடிக்கையாளன் என்பதால் எனக்குக் கூடுதல் மரியாதை நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டு.

மாமா எனக்கு மாமா இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் மாமா, அவருடைய அக்காவைக் கட்டியவர். மாப்பிள்ளை நாள் முழுக்க மாமா, மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சலூனுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. எண்பது வயதுக் கிழவர்கூட, "மாமா, மீசையில கை வச்சிடாதே" என்பார். மச்சினனை மாமா "மாப்ளே" என்பதால் அவர் ஊருக்கே மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து மூவரும் ஒரே வீடு. "அக்காவைக் கட்டினா தம்பி இலவசம்னு சொல்லியிருக்காங்க, மாமாவும் ஏமாந்துட்டார்" என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் சொல்வார். மாமா மறுத்ததில்லை.

மாமாவுக்கு முகம் நினைவிருக்காது, பின்தலைதான் நினைவிருக்கும். எதிரே வந்து நின்று வணக்கம் சொன்னால் யாரோ என்று விழிப்பார். நாம் கோபித்துக்கொண்டு திரும்பி நடந்தால், முதுகுக்குப் பின்னால், "அடடா, நீங்களா!" என்பார். பேச்சு குறைவு. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். சொந்தக்காரன் செய்த துரோகம் முதல் மூலவியாதி வரை எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "கேட்டு வச்சுக்கறேன்." அவர் வீட்டுக் கதையை மட்டும் யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் வலது காதுக்கு மேல் தழும்பு வந்த பிறகுதான் அதுவும் தெருவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு மூளையில் கட்டி. எடுத்தார்கள், ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், ஒரு வருடம் மாத்திரை. அந்த மாத்திரைகளை அக்கா கிழமைவாரியாகப் பொட்டலம் கட்டி வைத்து, வாய்க்குள் போடுகிறவரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு மாப்பிள்ளை இரண்டாவது நாற்காலிக்குத் திரும்பி வந்தார். நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவரிடமே வெட்டிக்கொண்டோம். மாமாவின் நாற்காலி அன்று காலியாகக் கிடந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இந்த வருடம் மறுபடி தலைவலி. படம் எடுத்தார்கள். பழைய இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. முதலில் அறுவை செய்த டாக்டர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில், கட்டி திரும்பி வந்துவிட்டது, தாமதிக்காமல் மறுபடி திறக்க வேண்டும் என்றார். இன்னொரு ஆஸ்பத்திரியில் வயதான அம்மாள் ஒருவர், அதே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, இது கதிர்ச் சிகிச்சை விட்டுப்போன தழும்பாகவும் இருக்கலாம், அவசரப்பட்டு மண்டையைத் திறக்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம் என்றார். மாப்பிள்ளை அன்றே பெயர் வைத்துவிட்டார்: ஒருவர் 'வெட்டலாம் டாக்டர்', மற்றவர் 'பார்க்கலாம் டாக்டர்'.

பார்க்கலாம் டாக்டர் சும்மா சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னார், விரலைப் பார்க்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியாக மாமாவைக் கேட்டார்: தொழிலில் ஏதாவது மாற்றம் உண்டா? மாமா, "வேலையெல்லாம் முன்ன மாதிரியேதான் செய்யறான் டாக்டர்" என்றார். அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டார். அதை வைத்துத்தான் இரண்டு மாதம் என்றார். வீட்டுக்கும் அதுதான் பிடித்திருந்தது. கட்டி, தழும்பு என்று இரண்டு வார்த்தையை முன்னால் வைத்தால் யார்தான் கட்டியை எடுப்பார்கள்?

சலூனில் அதற்குப் பிறகு தினமும் வாக்கெடுப்புதான். முகத்தில் நுரையோடு ஒருவர், "வெட்டிடு மாமா, தள்ளிப் போடாதே" என்பார். பின்னால் பெஞ்சில் இருப்பவர் தன் சம்பந்திக்கு இதே மாதிரி வந்து தானாகவே கரைந்துவிட்டது என்பார். யாரோ ஒரு வேர் சொன்னார், யாரோ ஒரு வெளிநாடு சொன்னார். மாப்பிள்ளை இதையெல்லாம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டு, "எல்லாரும் என் தலையைப் பத்தியே பேசறீங்க, உங்க தலையைக் கொஞ்சம் ஆட்டாம வையுங்க" என்பார். மாமா எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

இங்கேதான் என் தலை நடுவில் வருகிறது. நான் பத்திரிகையில் எழுதும் பத்திக்கு என்னுடைய புதுப் புகைப்படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சலூனுக்குப் போனேன். மாமா மின்கட்டணம் கட்டப் போயிருந்தார். மாப்பிள்ளை வெட்டினார். நான் நேராகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். அச்சில் பார்த்தால், வலது கிருதா காதின் பாதியில் நிற்கிறது, இடது கிருதா காது மடலையும் தாண்டி இறங்கியிருக்கிறது. ஒரு வாசகி, 'உங்களுக்கு இரண்டு முகமா?' என்று கடிதமே போட்டுவிட்டார். நான் புகைப்படக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், "சார், தலை உங்களது" என்றார். அந்தக் கோபத்தோடு இதழைச் சுருட்டிக்கொண்டு சலூனுக்குப் போனேன்.

வாசலிலேயே மாமா மறித்தார். இதழைப் பார்த்தார். உள்ளே மாப்பிள்ளை இருக்கிறார், சத்தம் போடாதீர்கள் என்று என் முழங்கையைப் பிடித்து, மூலையில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு அவர் டீ வாங்கித் தருவது அதுவே முதல் தடவை. ஐந்து மாதமாக மாப்பிள்ளை எல்லாத் தலையிலும் இடது பக்கத்தை விட்டுவிடுகிறார் என்றார். அவருக்கு அது விட்டுப்போனது தெரியவே தெரியாது. கண்ணாடியைக் காட்டினாலும் சரியாக இருப்பதாகத்தான் சொல்வார். அதனால்தான் பவுடர். துண்டுக்கடியில் கத்திரி. மாப்பிள்ளை சீப்புக் கழுவுகிற நேரத்துக்குள் முடித்துவிடுவது. என் கூடுதல் மரியாதை அப்படிப் பொசுக்கென்று போயிற்று.

இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பக்கத்துலயே உக்காந்திருக்கான் சார். அவன வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

நான் பொதுவாகக் கத்துகிறவன்தான், அன்று நிஜமாகவே கத்திவிட்டேன். அந்த அம்மாள் இவர் வார்த்தையை நம்பி இரண்டு மாதம் தள்ளியிருக்கிறார். இவர் ஒவ்வொரு தலையாக அந்த அறிகுறியைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இப்படி ஒரு பாசத்தை என்ன செய்வது? டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.  மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னையும் வரச் சொன்னார். இதழ் மட்டும் போதாதாம், என் மூஞ்சியும் வேண்டுமாம்.

மறுநாள் டாக்டர் அறையில் மூன்று நாற்காலி. மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. துணைக்கு என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா இதழைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"இது இவன் வெட்டினது டாக்டர். தப்பிச்சுப் போனது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான் சரி பண்ணிட்டேன்."

எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார்.

"அஞ்சு மாசம். முதல்ல ஒரு நூல் அளவு வித்தியாசம் இருந்துது. அப்புறம் அரை விரல். இப்ப அந்தப் பக்கமே கை போக மாட்டேங்குது. போன தடவை உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை மேஜைமேல் இருந்த படத்தையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எத்தனை தலை மாமா?"

"எல்லாமே மாப்ளே."

எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது, போகவும் முடியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகப் பேசினார். இதை வைத்து அது கட்டியா தழும்பா என்று இப்போதும் தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் மூளையின் வலது பக்கம் அழுந்தினால் இடது பக்கமே கவனத்தில் விழாது, எதுவானாலும் அது ஐந்து மாதமாக வளர்ந்து அழுத்திக்கொண்டிருக்கிறது, இனி இரண்டு மாதம் பொறுக்கக் கூடாது, திறந்து எடுத்துப் பரிசோதிப்பதுதான் வழி என்றார். வெட்டலாம் டாக்டரைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பேரும் முதல் தடவையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். அடுத்த வாரம் அறுவை என்று முடிவாயிற்று.

வெளியே வரும்போது மாப்பிள்ளை முன்னால் போய் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இத்தனை நாள் மாமா எப்போதும் அவருக்கு இடது பக்கமாகவே நடந்துவந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமாவின் கை நீண்டது, பாதியில் நின்றது. மாப்பிள்ளை தோளைத் தடவிக்கொண்டு தானாகப் படி இறங்கினார்.

இரண்டு நாள் அவர் மாமாவோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிட்டால் வருவாராம், சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாராம். சலூனுக்கு வந்தார், ஆனால் யார் தலையையும் தொடவில்லை. இரண்டாவது நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, பெஞ்சில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமா தவிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு ஒரே கன்னத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை பெஞ்சிலிருந்தே சொன்னார்: "நான் அதைப் பவுடர்னே நெனச்சேன் மாமா." மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முதல்நாள் மத்தியானம், கடையில் நாங்கள் நாலு பேர்தான். அக்கா துணிப்பை எடுத்துவைத்துவிட்டு வந்திருந்தார். மாமாவின் தலைமுடி அப்போது கழுத்துவரை இறங்கிக் கிடந்தது. நாவிதன் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது, ஒருவர் தலையை மற்றவர் வெட்டுவதுதான் அந்த வீட்டு வழக்கம். ஐந்து மாதமாக மாமா தலைவலி, ஜலதோஷம் என்று சொல்லி நழுவிவந்திருந்தார். மாப்பிள்ளை இரண்டாவது நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். "உக்காருங்க மாமா" என்றார். அக்கா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். மாமா பார்க்காத மாதிரி போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை அரை மணி நேரம் வெட்டினார். இடது கையிலிருந்து சீப்பு மூன்று தடவை விழுந்தது. மாமா குனியப் போனார். தான் எடுப்பதாக மாப்பிள்ளை தடுத்துவிட்டார். வலது பக்கம் அவ்வளவு நேர்த்தி. முடித்துவிட்டுப் பின்கண்ணாடியைப் பிடித்தார்.

"எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

மாமா கண்ணாடியில் ஒரு பக்கத்தைப் பார்த்தார், மறுபக்கத்தைப் பார்த்தார்.  "இடது பக்கம் தொடவே இல்ல மாப்ளே" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல வேளை, விட்டது முடியைத்தானே என்றார்.

அறுவை முடிந்து ஐந்து வாரமாகிறது. எடுத்ததைப் பரிசோதித்ததில் தழும்பும் இருந்ததாம், கட்டியும் இருந்ததாம். "ரெண்டு டாக்டரும் பாஸ்" என்று படுக்கையிலிருந்தே மாப்பிள்ளை சொன்னார். மறுபடி மாத்திரை, மறுபடி அக்காவின் பொட்டலங்கள். எவ்வளவு நாள் என்பதை இரண்டு டாக்டரும் சொல்லவில்லை. மாமா காலையில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, பதினோரு மணிக்குக் கடை திறக்கிறார்.

நேற்று போயிருந்தேன். புதிதாக ஒருவர் வாசல்வரை வந்து, மாமாவின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு பக்கம் குட்டையாக, மறுபக்கம் கழுத்தைத் தாண்டித் தொங்கும் தலையோடு நிற்கிற முடிதிருத்துபவரிடம் யார்தான் கழுத்தை நீட்டுவார்கள்? அக்கா வீட்டில் கத்திரியோடு வந்தாராம், மாமா கிட்டவே சேர்க்கவில்லையாம். பழகியவன் என்ற உரிமையில் நானே கேட்டுவிட்டேன், அடுத்த தெருக் கடையிலாவது போய் அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டால் என்ன என்று. மாமா ஈரக் கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தொங்கிய அந்த இடது பக்க முடியை மட்டும் பதமாக எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.