செல்வநாயகி அக்கா தண்ணீர் ஊற்றிப் பார்த்த அடுப்பு

“ஏம்மா, இந்தச் சீனா அடுப்ப வாங்கட்டுமா, நம்மூரு அடுப்ப வாங்கட்டுமா? எது நல்லா இருக்குதுன்னு நீயே சொல்லு.”

செல்வநாயகி அக்கா இப்படிக் கேட்டது என்னிடம்தான். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பிரபாகரன் அண்ணனின் பாத்திரக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. பிளஸ் டூ முடித்த ஒரு வருடத்தில் அது எனக்கு மூன்றாவது வேலை. கடை வாசலில் இரண்டு விறகடுப்புகள் இருந்தன. ஒன்று சீனாவிலிருந்து வந்தது: பளபளக்கும் எஃகு உடம்பு, மேலே கனமான இரும்பு வளையம், கீழே ஒரு சின்ன மின்விசிறி. இன்னொன்று எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் வீரமுத்து என்பவர் செய்தது: தகர உருளைக்குள் வெள்ளைப் பீங்கான் குழாய்.

சீனா அடுப்போடு வந்த அட்டையில் எழுதியிருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தேன். “சீனா அடுப்புல புகையே வராதுங்க. விறகு பாதி போதும்ங்க.”

“நீ அதுல சமைச்சிருக்கியா?”

“இல்லீங்க.”

“அப்ப அட்டைதான் சமைச்சுது போல” என்று சிரித்தார். பிறகு இரண்டு அடுப்பையும் நகத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

அந்தத் தட்டல் அவருடைய பழைய தொழில் பழக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பதினோரு வருடம் எஸ்டேட்டில் ஒரு பொம்மை யூனிட்டில் வேலை பார்த்தவர். பொம்மைகளைக் கனமான மண்பெட்டிகளில் அடுக்கிச் சூளையில் ஏற்றுவதும், வெந்த பிறகு இறக்குவதும் அவர் வேலை. இறக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். “மத்தவங்க பொம்மைய எத்தினி நாளு தட்டிக்கினு இருக்கறது” என்று ஒரு நாள் கிளம்பி வந்து, மூன்று செங்கல்லையும் ஒரு இட்லிப் பானையையும் வைத்துக் கடை ஆரம்பித்தார். இப்போது ஏழு வருடமாகிறது. காலை ரயிலுக்குப் போகிறவர்கள், எஸ்டேட் ஆட்கள், சேத்தியாத்தோப்பு பஸ் டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். கடை முழுக்க அக்காவின் தலையில்.

அந்தக் கடைதான் போகிற நிலையில் இருந்தது. கட்டடம் கொளஞ்சியப்பன் என்பவருடையது. மாடியில் ஒரு டியூஷன் சென்டர் வாடகைக்கு வந்திருந்தது. ஆடிக் காற்றில் அக்காவின் அடுப்புப் புகை நேராக வகுப்புக்குள் போனது. பிள்ளைகள் இருமினார்கள், பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். கொளஞ்சியப்பன் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: “ஆவணி ஒண்ணாந்தேதி நான் மாடியில நின்னு பாப்பேன். புகை வந்துச்சுன்னா அன்னிக்கே கடைய காலி பண்ணிடணும்.” கேஸுக்கு மாறலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கடைகளுக்கான கேஸ் சிலிண்டரை நான்கு மாதம் வாங்கிப் பார்த்தவர்தான் அக்கா. கட்டுப்படியாக வேண்டுமென்றால் இட்லி விலையை ஏற்ற வேண்டும். ஏற்றினால் எஸ்டேட் ஆட்கள் வர மாட்டார்கள். முந்திரி விறகுதான் இந்தப் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது.

“ரெண்டையும் பத்த வெச்சுப் பாத்துடலாம்” என்றார் அக்கா. கடை வாசலிலேயே நடக்கட்டும், நாலு பேர் பார்த்தால் வியாபாரம் ஆகும் என்று பிரபாகரன் அண்ணனும் ஒத்துக்கொண்டார். ஒரே கட்டையிலிருந்து பிளந்த இரண்டிரண்டு கிலோ விறகு, பத்துப் பத்து லிட்டர் தண்ணீர். கடிகாரம் பார்த்து எழுதுவது என் பொறுப்பு.

சீனா அடுப்பில் பத்தொன்பது நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. புகை ஒரு பீடி அளவுக்குக்கூட இல்லை. வீரமுத்துவின் அடுப்பு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது, ஓரளவு புகைந்தது. அது பரவாயில்லை. அடுத்து அக்கா இரண்டிலும் பொங்கல் வைத்தார். ஊர் அடுப்பில் பொங்கி வழிந்த கஞ்சி உள்ளே இறங்கியதும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். வெள்ளைப் பீங்கான் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வீரமுத்துவும் அங்கேதான் நின்றிருந்தார். செராமிக் வேலைக்காரர் அல்லவா, கரடுமுரடாக ஒரு பொருளை வெளியே விட அவருக்கு மனசு வரவில்லை. அடுப்பின் உட்புறத்துக்குக்கூட வழவழவென்று பூச்சுக் கொடுத்து, வாயைச் சுற்றி நீல நிறத்தில் பூ வரைந்திருந்தார்.

“இன்னாண்ணே, பாத்ரூம் டைல்ஸ கொண்டாந்து அடுப்புல வெச்சிட்டியா?” என்றார் அக்கா.

“வெள்ளையா இருந்தாத்தான விக்கும், செல்வநாயகி” என்று முனகிவிட்டு அவர் போய்விட்டார்.

பிரபாகரன் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். “ஒரு வாரம் வெச்சு சமைச்சுப் பாருங்கக்கா, அப்பறமா முடிவு பண்ணுங்க” என்று சீனா அடுப்பை அக்காவின் கடைக்கு அனுப்பி வைத்தார். நானும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தேன். தினமும் காலையில் அங்கே சாப்பிடப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் மூன்று நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாடியில் இருமல் இல்லை. ஆனால் அந்த அடுப்பின் வாய் என் உள்ளங்கை அகலம்தான். முந்திரி விறகு நேராக வளர்கிற மரமில்லை, கோணல் மாணலாக இருக்கும். அதைச் சின்னச் சின்னச் சில்லாக வெட்டினால்தான் உள்ளே போகும். “மத்தியானம் படுக்கற நேரம் பூரா இதுக்கு வெறகு வெட்டியே போவுது. புள்ளைக்கு சோறு பெசஞ்சு ஊட்டற மாதிரி ஊட்டணும் இதுக்கு” என்றார் அக்கா.

ஐந்தாம் நாள் நானே பார்த்தேன். கடை முடிந்ததும் அக்கா விறகை வெளியே இழுத்துவிட்டு, ஒரு கை தண்ணீரை அடுப்புக்குள் தெளித்தார். அப்படி அணைத்தால் கரி மிஞ்சும். அதை இஸ்திரிக்காரர் வாங்கிக்கொள்வார். ஏழு வருடமாகத் தினமும் செய்கிற வேலை அது. தண்ணீர் பட்டதும் மேலிருந்த இரும்பு வளையம் ‘படக்’கென்று இரண்டாகப் பிளந்தது.

விஷயம் தெரிந்ததும் பிரபாகரன் அண்ணன் ஓடி வந்தார். “எரியற அடுப்புல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?”

“எங்க வூட்ல ஊத்துவோம், ஒங்க வூட்ல ஊத்துவாங்க, இந்த ஊர்ல அத்தினி பேரும் ஊத்துவாங்க. ஒங்க அம்மாவ கேட்டுப் பாரு தம்பி.”

அடுப்பை இறக்குமதி செய்தவரிடம் போனில் நான்தான் பேசினேன். வளையம் மட்டும் தனியாக இல்லை, அடுத்த சரக்கில் போடச் சொல்கிறேன், இரண்டு மாதம் ஆகும் என்றார் அவர். ஆவணிக்குப் பதினைந்து நாள் இருந்தது. சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போய்ச் சொன்னேன்.

அக்கா அழவில்லை, திட்டவில்லை. உடைந்த வளையத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, “எஸ்டேட்டு வரைக்கும் வண்டியில வுடறியா?” என்று கேட்டார்.

வீரமுத்துவுக்குக் கோபம் தீரவில்லை. “வெளிநாட்டு ராஜா இருக்கும்போது இங்க இன்னா வேலை?”

“ராஜா ரெண்டா போயிட்டாரு” என்று வளையத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய யூனிட்டின் பின்புறத்தில் பழைய மண்பெட்டிகள் உடைந்து மலைபோலக் கிடந்தன. பதினோரு வருடம் அக்கா பொம்மை அடுக்கியது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு அங்கே டீ போடுகிற அடுப்பின் நெருப்பில் அதைச் செருகினார். அது பழுக்கும் வரை விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். இடுக்கியால் இழுத்துப் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். ஆவி அடித்தது. துண்டு அப்படியே கிடந்தது.

“பொம்மை ஒடையுது, பெட்டி ஒடையறது இல்ல. சூளையில இருவது முப்பது தடவ ஏறி எறங்குது. இத இடிச்சு மண்ணோட சேத்துப் போடுண்ணே. வெள்ளை வேணாம், பூ வேணாம்.”

வீரமுத்து தலையில் அடித்துக்கொண்டார். “தெனம் இது மேலதான் நடந்து போறேன்.”

அடுத்த பன்னிரண்டு நாளும் எனக்குத் தூக்கம் பாதிதான். பழைய பெட்டிகளை இடித்துச் சலித்துக் களிமண்ணோடு பிசைந்தார்கள். அக்கா தன் கடையிலிருந்து மிகக் கோணலான முந்திரிக் கட்டையைக் கொண்டுவந்து, அது நுழைகிற மாதிரி அடுப்புக்கு வாய் வைக்கச் சொன்னார். சீனா அடுப்பிலும் ஒரு நல்ல விஷயம் இருந்தது. விளிம்புக்குக் கீழே வரிசையாகச் சின்னத் துளைகள். அவற்றின் வழியாக வருகிற காற்றுதான் புகையை எரித்துவிடுகிறது. நான் அந்தத் துளைகளை எண்ணி, இடைவெளியை அளந்து, ஒரு அட்டையில் வரைந்துகொண்டு போய்க் கொடுத்தேன். “இது உதவும்” என்று வீரமுத்து அந்த அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

ஆடிக் காற்றில் மண் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். ஈரச் சாக்கைப் போர்த்தி மெதுவாகக் காயவைத்தார்கள். மூன்று குழாய் செய்ததில் ஒன்று காயும்போதே போயிற்று. இரண்டு சூளைக்குப் போயின. சூளை ஆறுவதற்கு முன்னால் திறக்கச் சொல்லி நான் நச்சரித்தேன், யாரும் கேட்கவில்லை. திறந்த அன்று அக்கா இரண்டையும் தட்டினார். ஒன்று மந்தம். மற்றது கோயில் மணி மாதிரி ஒலித்தது. அதைத் தகர உருளைக்குள் இறக்கி, இடைவெளியில் சாம்பலை அடைத்தார்கள். பார்க்க ஒன்றும் அழகில்லை. காய்ந்த சாணியின் நிறம்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் கொளஞ்சியப்பன் வந்துவிட்டார். அக்காவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நேராக மாடி ஏறினார். கீழே வீரமுத்து, பிரபாகரன் அண்ணன், நான், சாப்பிட வந்த பத்துப் பதினைந்து பேர். அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். முதல் இரண்டு நிமிடம் லேசாகப் புகைந்தது. பிறகு விளிம்புத் துளைகளில் மஞ்சள் நெருப்பு சுற்றிவரப் பிடித்தது. புகை நின்றுவிட்டது.

இட்லி ஒரு ஈடு வெந்தது. இரண்டாவது ஈடும் வெந்தது. பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்க இருபத்தொரு நிமிடம் என்று எழுதிக்கொண்டேன். சீனா அடுப்பைவிட இரண்டு நிமிடம் கூடத்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் விசிறி இல்லை, கரண்டு வேண்டாம், கோணல் கட்டை அப்படியே உள்ளே போனது.

ஆறே முக்கால் மணிக்கு மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “ஏம்மா செல்வநாயகி! எவ்ளோ நேரம் நிக்கறது? இன்னும் அடுப்ப பத்த வெக்கலியா நீ?”

கீழே சிரிப்பு வெடித்தது. ஒரு பஸ் டிரைவர் விசிலடித்தார். “எறங்கி வாங்க மொதலாளி, ரெண்டு ஈடு வெந்து எறங்கியாச்சு, ஒங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன்” என்றார் அக்கா.

அவர் இறங்கி வந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து நெருப்பைப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். அப்போது பிரபாகரன் அண்ணன், “எல்லாம் சரிக்கா, தண்ணி?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அக்கா விறகை இழுத்துப் போட்டார். இந்தத் தடவை கையளவு இல்லை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை எடுத்து, தணலாய்ச் சிவந்திருந்த அடுப்புக்குள் மொத்தமாக ஊற்றினார். ஆவியில் யார் முகமும் தெரியவில்லை. வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். ஆவி விலகியதும் அக்கா குனிந்து நகத்தால் தட்டினார். மணி ஒலித்தது.

வீரமுத்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். பிரபாகரன் அண்ணன், “எனக்கு முதல்ல அஞ்சு குடுங்கண்ணே” என்றார். கொளஞ்சியப்பன் இலையைப் போட்டு உட்கார்ந்தார். ஆறு இட்லி சாப்பிட்ட பிறகு, “இருந்துக்கோம்மா. எங்க வூட்டுக்கும் ஒண்ணு சொல்லிடு” என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு மூன்றாவது ஈட்டுக்கு மாவு ஊற்றப் போய்விட்டார். திரும்பி நின்றபோது முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். புகையால் வந்த கண்ணீராக இருக்க முடியாது.

இது நடந்து பத்து மாதம் ஆகிறது. வீரமுத்துவின் அடுப்பு இப்போது மங்கலம்பேட்டையில் பிரியாணி போடுகிறவர்கள் வரை போயிருக்கிறது. ஒவ்வொரு அடுப்பும் யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் அக்கா போய்த் தட்டிப் பார்க்கிறார். மந்தமாக ஒலித்தால் திரும்ப இடிக்கத்தான். எங்கள் கடையில் சீனா அடுப்பும் இருக்கிறது. நேரான விறகும், சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரமும், தண்ணீர் தெளிக்காத பழக்கமும் உள்ளவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

புகைக்காகக் கடையை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிற ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். அவருக்கு இந்தக் கதை போய்ச் சேர வேண்டும். போனில் அனுப்புங்கள். போன் பார்க்க நேரமில்லாதவராக இருந்தால், காலையில் அவர் கடையில் இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்லும்போது செல்வநாயகி அக்காவின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.