வெங்கடம்மா திறந்த கதவு

வெங்கடம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவின் பெண்கள் குழுவுக்கு இறால் உலர்த்தும் மெஷின் வந்தபோது அந்தக் குணமே பெரிய தொல்லையாகிவிட்டது. மணலில் காயப்போட்ட காலத்தில் அரை மணிக்கொரு முறை இறாலைப் புரட்டிவிட்டுப் பழகியவள். இந்த மெஷினோ கதவை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாகப் பக்கெட்டில் சொட்டவிடும். ஆறு மணி நேரம் திறக்கவே கூடாது.

அவள் திறந்தாள். தட்டுகளை இழுத்துப் புரட்டினாள். மறுபடியும் திறந்தாள். சாயங்காலம்வரை ஓடியும் இறால் நமுத்துக் கிடந்தது.

பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் மெயினை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். இறால் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இத வாரா வாரம் கழுவணும். கதவ எத்தினி வாட்டி தொறந்தீங்க?"

"பொரட்ட வாணாவா?"

"தொறந்தா ஏரிக் காத்து உள்ள பூந்துடும்மா. அப்புறம் மெஷினு ஏரியத்தான் காய வெச்சினு இருக்கும்."

மறுநாள் வெங்கடம்மா மெஷினை ஓடவிட்டு, அதன் கதவைப் பூட்டி, குழுவில் இருக்கும் மாலாவிடம் சாவியைக் கொடுத்தாள். "நானே கேட்டாலும் குடுக்காத."

மாலா அதை மடியில் முடிந்துகொண்டு நண்டு பிடிக்க ஏரியில் இறங்கிவிட்டாள்.

வெங்கடம்மா மெஷின் இருந்த ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மாலா நின்ற இடம்வரை நடந்தாள்.

"சாவி குடு."

தண்ணீருக்குள் கையால் துழாவிக்கொண்டிருந்த மாலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "வந்தது வந்துட்ட. கைய உள்ள வுடு, நண்டு கீது."

திட்டிக்கொண்டே கையை விட்டாள் வெங்கடம்மா.