லைசென்ஸுக்கு வைத்த பொட்டு

லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரனிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும், சேசிஸ் எது, பாடி எது என்றுதான் முதலில் பார்ப்பான். நாமக்கல்லில் இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு அதுதான் பிழைப்பு. அடியில் இருக்கும் சேசிஸ் ஓய்ந்துபோனால் மேலே இருக்கும் பாடியைக் கழற்றி, புதுச் சேசிஸ் மீது தூக்கி வைத்து, போல்ட் முடுக்கி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவோம். டிரைவருக்குக்கூட தன் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகியபோது நான் கவலைப்படவே இல்லை. சேலம் போய், பாகம் பாகமாகப் பொறுக்கி, புதுசாக ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவந்தேன். கடைக்காரர், "விண்டோஸ் லைசென்ஸ் ஒண்ணு சேர்த்துப் போட்டரலாங்களா?" என்று கேட்டார்.

"ஊட்டுல இருக்குதுங்க. பழைய கம்ப்யூட்டர் வாங்கறப்பவே அதுல போட்டு வந்தது. அதைக் கழட்டி இதுல மாட்டிக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு வியாபாரம் கைநழுவிப் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுக் கம்ப்யூட்டர் என் மனைவிக்கு. ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தைப் போல ஒவ்வொரு சொல்லையும் ‘ங்க’வில் முக்கி எடுக்க மாட்டாள், பேச்சு நேராக வரும். கல்யாணத்துக்கு முன்பு ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் சென்னையில் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. வீட்டிலிருந்தே பாடங்களுக்குப் பிழை திருத்தும் வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் வந்து கம்ப்யூட்டரைச் சோதிப்பார்கள். முறையான லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் என்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

"அது அப்படி மாறாதுன்னு படிச்சேன். புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே?" என்றாள் வெள்ளிக்கிழமை.

"நீ சும்மா இரு அம்மிணி. நான் பாத்துக்கறேன். எத்தனை வண்டிக்கு பாடி மாத்தியிருக்கறேன்!"

என் திறமை அவள் வாயை அடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

சனிக்கிழமை விண்டோஸை ஏற்றும் வேலை லேசாகவே முடிந்தது. ஆனால் திரையின் மூலையில், அதை ஆக்டிவேட் செய்யச் சொல்லி வெளிறிய எழுத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கிளப்ப இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கீ வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியான கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரில் அந்தக் கீ அச்சடித்திருக்கும். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஏனென்றால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த ஸ்டிக்கரின் மேல்தான் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைப்பேன். கம்ப்யூட்டரில் பார்க்க அம்சமாக இருந்த இடம் அது ஒன்றுதான். பூஜை முடிந்த மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும்விடுவேன். சுத்தத்தில் நான் கறார்.

இத்தனை வருஷத்துச் சுத்தத்துக்குப் பிறகு இப்போது அதில் கண்ணுக்குத் தெளிவாக ஏழு எழுத்துதான் பாக்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மங்கல மூட்டம்.

நான் அசரவில்லை. எங்கள் பட்டறை பெயிண்டர் துருவேறிய சேசிஸில் பொறித்த நம்பரையே படித்துவிடுகிற ஆள். காகிதத்தை வைத்து மேலே பென்சிலால் தேய்த்தால் நம்பர் தானாக எழும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் தேய்த்தார். காகிதம் கறுத்ததுதான் மிச்சம்.

"இதுல குழியே இல்லீங்க மொதலாளி. வெறும் அச்சுங்க."

பிறகு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வந்தன. கேபினெட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கம் கவிழ்ந்துகொண்டோம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் மூட்டத்துக்கு அடியில் மற்ற எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. "இது பி-ங்களா, எட்டுங்களா?" என்றார் பெயிண்டர்.

"எட்டுன்னே வெச்சுக்குங்ண்ணா."

"வெச்சுக்கலாங்க. ஆனா விண்டோஸ்காரனும் அப்படி வெச்சுக்கோணுமுங்களே?"

மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் தரையில் கிடந்து உழைக்கிறபோது சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

பி-யையும் எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு ஒருவழியாக ஒரு கீயைத் திரை ஏற்றுக்கொண்டது. பெயிண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கையை எடுப்பதற்குள், இந்தக் கீயை இந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்த முடியாது என்று அடுத்த வரி வந்தது. பெயிண்டர், ஊரில் ஒரு விசேஷம் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தவராய்க் கிளம்பிவிட்டார்.

விண்டோஸ் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பேசிய தம்பி பொறுமைசாலி.

"சார், கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்த லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அதோட மதர்போர்டு போயிட்டதால அதுவும் முடிஞ்சுபோச்சு. வேற கம்ப்யூட்டருக்கு மாத்த முடியாது."

"ஏனுங்க, லாரிக்கு சேசிஸ் மாத்துனாலும் பழைய பாடி கூட வருதுங்களே?"

"சார், இது லாரி இல்ல."

"அது தெரியுதுங்க. சரி, புது மதர்போர்டைத் தூக்கிப் பழைய கேபினெட்டுக்குள்ளயே வெச்சுட்டா? ஸ்டிக்கரு ஒட்டுன இடத்துலயே இருக்குமுங்களே."

"மதர்போர்டுதான் சார் கம்ப்யூட்டர். கேபினெட் வெளியில இருக்கற வெறும் தகரம்."

வாழ்நாள் முழுக்கத் தகரம் அடித்துச் சோறு தின்றவனிடம் இப்படிச் சொல்கிறார்களே என்று சுருக்கென்றது. போனை வைத்தேன்.

அன்று முழுக்க மனைவியிடம் சொல்லவில்லை. பயம் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அவள் தலை பின்னி, நல்ல சேலை கட்டி, ஒன்பதரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மூலையில் அந்த வெளிறிய வரி அப்படியே இருந்தது. அவள் வேலை என்னால் போகப்போகிறது.

"அம்மிணி, அது மாறாதாம்" என்றேன்.

"சரி" என்றாள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த ஒரு பக்கத்துக்குப் போய், தன் கார்டில் பணம் கட்டி, தன் பெயரில் ஒரு புது லைசென்ஸ் வாங்கினாள். வந்த கீயைப் போட்டாள். மூலையில் இருந்த வரி மறைந்தது. மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பத்து மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உயிர் வந்தது எனக்கு. கூடவே கோபமும் வந்தது.

"இவ்வளவு லேசுன்னா வெள்ளிக்கெழமையே வாங்கியிருக்கலாமில்ல? மூணு நாளா என்னையத் தரையில படுக்க வெச்சு வேடிக்கை பாத்துட்டு இருந்தியா?"

அவள் முதல் பாடத்தைத் திறந்துகொண்டே சொன்னாள். "வாங்கத்தான் போனேன். ஆனா இந்தப் பதினாறு வருஷத்துல என் விஷயத்துக்குன்னு நீங்க உக்காந்து மெனக்கெட்டது இதுதான் முதல் தடவை. சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு இருந்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காப்பி வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். பிறகு சமையலறைக்குப் போய், காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன்.