முதலில் இறங்கியவள்

ஆபத்து வந்தால் குழுவாக எப்படித் தப்புவது என்று கணினி விளையாட்டு மூலம் சொல்லிக்கொடுப்பதில் அந்த டீச்சரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளம், நிலநடுக்கம், தீ எதுவானாலும், வீட்டு நடுக்கூடத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, அவரவர் வீட்டிலிருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இணையம் வழியாக விரட்டி வேலை வாங்குவாள்.

அன்று திரையில் ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நிஜமாகவே அபாய மணி அலறியது. மாடிப்படிப் பக்கம் புகை. டீச்சர் எழுந்தாள், செருப்பை மாட்டினாள், ஓடினாள். நாலு மாடி இறங்கி வாசலுக்கு வந்து, கூட்டத்தோடு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் நினைவு வந்தது. உள்ளறையில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். காது மந்தம், முட்டிவலி வேறு.

திரும்பி ஓடினாள். முதல் மாடி வளைவிலேயே அவர் எதிரே வந்துவிட்டார். ஒரு கை கைப்பிடியில், மறு கையில் திறந்த மடிக்கணினி. அதற்குள்ளிருந்து பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“தாத்தா, மெதுவா! இன்னும் ஒரு மாடிதான்!”

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவருக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சல் கேட்கவில்லையாம். உடனே ஆளுக்கொரு தாளில் பெரிதாக எழுதித் திரையில் காட்டியிருக்கிறார்கள்: ‘தீ’, ‘வெளியே போங்க’, ‘லிஃப்ட் வேண்டாம்’.

“இதை ஏன் மாமா தூக்கிட்டு வந்தீங்க?” அவர் காதருகே போய்க் கேட்டாள்.

“பிள்ளைங்களை உள்ளே விட்டுட்டு வர மனசு வரலம்மா.”

டீச்சருக்குத் தலை நிமிரவில்லை.

தீ பெரிதில்லை. கீழ்வீட்டில் யாரோ பாத்திரத்தைக் கருகவிட்டிருந்தார்கள்.

சாப்பிடும்போது மகனிடம் மாமனார் சொன்னார்: “உன் பொண்டாட்டிதான்டா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா.”

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “இல்லைங்க. நான் இவரை விட்டுட்டு ஓடிட்டேன்” என்றாள்.

கணவன் ஒரு நிமிடம் அப்பாவைப் பார்த்தான். “பதற்றத்துல யாருக்கும் அப்படித்தான். விடு.”

மாமனார் காதில் விழாதவர்போல் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, “தாத்தா எங்க மிஸ்? எங்க குழுவுல அவரும் வேணும்.”

கூப்பிடப் போனவள், அவர் அறை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் கதவைத் தட்டினாள்.