வளரும் பிள்ளைக்கு ஒரு பனிச்சறுக்குப் பலகை

காலை ஆறரைக்குப் பலெர்மோ சென்ட்ராலே ரயில் நிலையத்தின் பின்தெருவிலிருந்து கிளம்பினோம். செல்வம் அண்ணனின் சின்னக் காரில் மூன்று பேர். ஓட்ட அவர், பக்கத்தில் நான், பின்னால் அவர் மகள், ஒன்பது வயது அபி. நான்காவது ஆளாக ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகை, முன் கண்ணாடியிலிருந்து பின் சீட் வரை நீட்டிப் படுத்திருந்தது. அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். நான் மதுரை, இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. பனியையே பார்த்ததில்லை என்று ஒரு நாள் வாயை விட்டேன். உடனே இந்த அழைப்பு.

போகும் இடம் பியானோ பத்தாலியா. சிசிலியில் பனியா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் கிழக்கே போய், கொல்லேசானோ ஊரைத் தாண்டி மலையேற வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டர் போல வரும். வளைவுகளில் நான் ஒரு பக்கமும் என் வயிறு ஒரு பக்கமுமாகப் போனோம்.

அபிக்கு இது உல்லாசப் பயணமில்லை. அடுத்த வாரம் அவள் வகுப்பே அந்த மலைக்கு வருகிறது. பலகையைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்த பிள்ளைகளைத்தான் சரிவில் விடுவார்கள். போன வருடம் அது இரண்டும் வராததால் சிற்றுண்டிக் கடை ஜன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம்.

"இந்த முறை உள்ளுக்கை இருக்க மாட்டன், அன்ரி" என்றாள்.

பலகை, அண்ணன் வேலை செய்யும் வீட்டு அம்மா, அந்த சிஞ்ஞோரா, கொடுத்தது. தன் மகன் வளர வளர மாற்றிய இரண்டு ஜோடியைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்றாராம். அண்ணன் நெட்டையானதை எடுத்தார்.

"வளருற பிள்ளை, தங்கச்சி. மூண்டு வருசம் பாவிக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. என் பள்ளிக்கூடப் பாவாடைகளும் இதே நம்பிக்கையில்தான் தைக்கப்பட்டன. நம் ஆட்கள் பிள்ளைக்கு எதையும் இன்றைக்கென்று எடுப்பதில்லை.

ஒன்பது மணிக்குள் சரிவின் அடியில் நின்றோம். பலகையை நிமிர்த்தினால் அபியின் தலைக்கு மேல் ஒரு சாண் நின்றது. பூட்ஸ் மட்டும் அங்கிருந்த வாடகைக் கடையில் எடுத்தோம். கடைக்காரப் பெண் பலகையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். பழகும் பிள்ளைக்கு நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். நீளம் கூடினால் வேகம் கூடும், திருப்ப வராது. அண்ணன் "கிராட்சியே" என்று நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அபி நேராகப் போனாள். திருப்பப் பார்த்தாள், முனை மேல் முனை ஏறி விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். அழவில்லை. அந்தப் பிடிவாத முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை, அண்ணன் மேல் எரிச்சலாக வந்தது.

"அண்ணே, சின்னதா ஒண்ணு வாடகைக்கு எடுத்துடலாமே."

"சும்மா கிடைச்சதை வைச்சுக்கொண்டு வாடகைக்கோ? பழகினால் சரிவரும்."

மதியம் அபி பலகையைக் கழற்றினாள். இரண்டையும் தூக்கி வந்து அப்பா கையில் கொடுத்தாள்.

"அப்பா, இது பன்ரெண்டு வயசு அபிக்கு. அவ இன்னும் வரேல்லை. எனக்கு இண்டைக்கு ஒண்டு வேணும்."

அண்ணன் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு "ஓம், வா" என்று கடைப் பக்கம் நடந்தார்.

வாடகைப் பலகை அவள் மோவாய்க்குக் கொஞ்சம் கீழே நின்றது. முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் அடங்கும் என்று கடைக்காரப் பெண் காட்டினாள். அப்புறமும் விழுந்தாள்தான், ஆனால் காலுக்குக் கட்டுப்படுகிற பலகையோடு விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் விழாமல் ஒரு முறை வளைந்தாள். எனக்கு விசிலடிக்கத் தெரியாதது அன்றைக்குத்தான் குறையாகப் பட்டது.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. கிளம்பலாம் என்றோம். கடைசியாக ஒன்று என்று அபி மேலே ஏறினாள். அண்ணன் சரிவின் நடுவில் போய், இரண்டு கையையும் விரித்து, பிடிக்கத் தயாராக நின்றார். அவள் வலப்பக்கம் வளைந்தாள், இடப்பக்கம் வளைந்தாள், அவருக்கு ஒரு முழம் முன்னால் தானாகவே நின்றாள்.

"வழியை விடுங்கோ, அப்பா. நான் கீழை போகோணும்."

அண்ணன் ஒதுங்கினார். அவள் அடிவாரம் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கைகளை அவர் மடக்கவில்லை.