லவ்லி என்று சொல்ல மறுத்தவள்

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் உங்கள் கை எங்கே போகும்? எங்கும் போகாது என்றால், இந்த யுத்தத்தில் நீங்கள் கொழும்புத் தமிழராக இருந்து பார்த்ததில்லை. அருந்ததியின் கை நேரே கைப்பைக்குப் போகும்.

கொழும்புக் கோட்டையில் தேயிலை ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் சிரித்துக் கதைக்கத் தெரிந்தால்தான் வேலை நிரந்தரம் என்றது நிருவாகம். அந்த ஆங்கிலத்தைப் படிப்பித்தவர் மனேஜர் ஹியூபேட், கொட்டாஞ்சேனைத் தமிழர். காலநிலை, கிரிக்கெட், விமானப் பயணம், வார இறுதி பற்றியெல்லாம் கதைக்கலாம். அரசியல் மட்டும் வாயில் வரக்கூடாது.

ஒத்திகையில் அவரே வெள்ளைக்காரராகி, "அண்ட் வெயார் ஆர் யூ ஃப்றொம்?" என்று கை நீட்டினார்.

அருந்ததி அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்த துண்டையும் எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். பிறந்தது யாழ்ப்பாணம், இருப்பது வெள்ளவத்தை, வந்த காரணம் வேலை என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்.

அறையே சிரித்தது. "மிஸ், அவரு தேயில வாங்க வந்தவரு. ஜீப்ல ஏத்திட்டுப் போக வரல்ல" என்றான் பக்கத்து மேசை ஷிப்லி, மருதானைக்காரன். அவளும் சேர்ந்து சிரித்தாள். தினமும் காலி வீதிச் சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அதே கேள்வியைத் துவக்கை நீட்டிக் கேட்டால், கை வேறு எதைப் பழகும்?

அடுத்து வந்த சனிக்கிழமை காலை அவள் வீடிருந்த ஒழுங்கையை ஆமியும் பொலிசும் சுற்றிவளைத்தார்கள். அவளையும் அறைத்தோழி நேசமலரையும் பொலிசுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கந்தோர்க் கடிதத்தைக் காட்டி அருந்ததி மறுநாள் வெளியே வந்துவிட்டாள். நேசமலர் வேலை செய்த புடவைக்கடை முதலாளி கடிதம் கொடுக்கப் பயந்தார். ஆகவே அவள் உள்ளேயே கிடந்தாள். கொழும்பில் நிரந்தரமாக வசிக்கும் இரண்டு பேர் வந்து, இவளைத் தெரியும் என்று கையெழுத்து வைத்தால் விடுவோம் என்றார் பொறுப்பதிகாரி.

வீட்டுக்காரி பத்மாவதி பெருமூச்சு விட்டாள். "அவளுக்கு ஏழரைச் சனி பிள்ளை. ஒரு எள்ளெண்ணெய் விளக்குக் கொளுத்து."

"சனி துவக்கோட ஜீப்பில வராது அன்ரி. விளக்கை விட்டுட்டு நீங்கள் வந்து ஒரு கையெழுத்து வையுங்கோ."

பத்மாவதிக்கு உடனே அடுப்பில் ஏதோ தீயும் மணம் வந்தது. உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மாலை ஹோட்டல் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு விருந்து. வாசலிலேயே அருந்ததி ஹியூபேட்டை மறித்தாள்.

"சேர், நேசமலருக்கு ஒரு கையெழுத்து. உங்கட சொல்லைக் கேப்பாங்கள்."

"இண்டைக்கு இந்தக் கதை வேண்டாம். வீக்கெண்டைப் பற்றிக் கேட்டால், 'லவ்லி, கடற்கரைக்குப் போனனான்' எண்டு சொல்லும். விளங்குதோ?"

"கடலுக்குக் கிட்டத்தான் சேர் அடைச்சு வைச்சிருந்தவங்கள். யன்னல்தான் இல்லை."

உள்ளே, நரைத்த மீசை வைத்த வெள்ளைக்காரக் கொள்வனவாளர் ஒருவர் ஹியூபேட்டுக்குக் கை கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?"

ஒரு சொல் சொன்னால் வேலை நிரந்தரம். நேசமலரோ சீமெந்துத் தரையில். ஹியூபேட் படிப்பித்த அதே ஆங்கிலத்தில், அவர் படிப்பித்த அதே புன்னகையோடு அருந்ததி சொன்னாள்: "பொலிஸ் காவலில் இருந்தேன். காரணம் நான் தமிழ். என் தோழி இன்னும் அங்கேதான். இதோ நிற்கிற என் மனேஜர் கையெழுத்து வைத்தால் உதவியாக இருக்கும். இந்தக் கதையே வேண்டாம் என்கிறார்."

மனிதர் தன் கிளாசைப் பார்த்தார். "ஓ டியர்" என்றார். பிறகு, "இங்கே சரியான வெக்கை, இல்லையா?" என்றார்.

இதற்குத்தான் இத்தனை பயிற்சி! ஒரு பெண் கம்பிக்குப் பின்னால் கிடக்கிறாள் என்றால் வெக்கையைப் பற்றிக் கதைப்பதற்குப் பெயர் நாகரிகம்.

ஹியூபேட் அவளை ஓரமாக அழைத்தார். "உம்மட வேலை முடிஞ்சுது. தெரியுமோ?"

"முடியட்டும் சேர். கையெழுத்து வைப்பியளோ, மாட்டியளோ?"

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, அருந்ததி." அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஷிப்லி கையிலிருந்த தட்டை வைத்தான். "நான் வாறேன் மிஸ். எங்கட வாப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க."

மறுநாள் காலை ஷிப்லி கையெழுத்து வைத்தான். இன்னொருவர் வேண்டும் என்றார் அதிகாரி. அருந்ததிக்கு இப்போது கந்தோரும் இல்லை, காட்டுவதற்குக் கடிதமும் இல்லை. அடுத்த சுற்றிவளைப்பில் அவளே மாட்டலாம். ஆனாலும் வெள்ளவத்தையில் தெரிந்த வீடுகளின் கதவையெல்லாம் தட்டுகிறாள். நம்மவர்கள் தேத்தண்ணி கொடுக்கிறார்கள். வெயிலைப் பற்றிச் சொல்கிறார்கள், கனடாவிலிருக்கும் மகனைப் பற்றிச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரரிடம் படிக்க நமக்கு என்ன இருக்கிறது?

"அது இருக்கட்டும், கையெழுத்து?" என்று அவள் குறுக்கே வெட்டுகிறாள்.

கொழும்பில் நிரந்தர முகவரி உள்ள வாசகரே, அவள் உங்கள் கதவைத் தட்டும்வரை காத்திருக்காதீர்கள். நேசமலர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். இன்றைக்கே போய் அந்த இரண்டாவது கையெழுத்தை வையுங்கள்.