வினாகிரி ஏற்றிய சட்டங்கள்

எண்பதுகளின் கடைசியில் இலங்கையில் கிளர்ச்சி மூண்டு பல்கலைக்கழகங்களை இழுத்து மூடியபோது, என் பட்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். பட்டம் என்றால் நான்கு மரச் சட்டங்கள். கை நீளம், கட்டைவிரல் தடிப்பு. நான்கும் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பைன். இரண்டு வெறும் மரம். மற்ற இரண்டையும் ஆய்வுகூடத்தில் வினாகிரி என்ற புளிக்காடியின் நெடி அடிக்கும் ஒரு திரவத்தில் போட்டுச் சூடேற்றி, ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காதபடி மாற்றியிருந்தேன். ஆய்வுகூடத்துக்குப் பூட்டு விழுந்துவிட்டது. அவற்றைப் போல இன்னொன்று செய்ய இனி வழியில்லை.

மரத்தின் நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டால் உடனே கொஞ்சம் வளையும். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். மழைக்கு ஈரத்தைக் குடித்து, வெயிலுக்கு விட்டு, இன்னும் வளையும். அந்த வளைவை அளந்து, ஒரு கூரை விட்டம் பல வருடம் கழித்து எவ்வளவு தொய்யும் என்று முன்கூட்டியே சொல்லும் சமன்பாட்டைக் கட்டுவதுதான் என் ஆய்வு. மனிதனும் மரம் மாதிரித்தான் என்று இன்று யாராவது தத்துவம் பேச வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரத்துக்குச் சமன்பாடு உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, பாரத்தை இடையில் இறக்கக் கூடாது. இறக்கினால் அந்தச் சட்டத்தின் கதை அத்தோடு முடிந்தது.

முன்னறையில் உட்காரும் வாங்குகள் இரண்டைப் போட்டு, சட்டங்களைக் குறுக்கே வைத்து, மணல் நிரப்பிய பால்மா டின்களைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் முள் ஓடும் அளவுமானி. கம்பி, டின், முள். அந்த வருடங்களில் இதைவிடக் குறைந்த பொருளோடு அகப்பட்ட பையன்களே வீடு திரும்பவில்லை. அம்மா வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். இது குண்டு இல்லை என்று ஆமிக்காரனுக்குச் சமன்பாடு எழுதியா காட்டப்போகிறாய் என்று கேட்டார். இது போனால் என் படிப்பே போச்சு, அதிலும் வினாகிரி மரம் போனால் திரும்பச் செய்ய முடியாது என்று நான் கத்தினேன்.

ஒரு காலை ஒலிபெருக்கி கத்தியது. ராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும். அப்பா கலேவெலவில் மரக்கறிக் கடை வேலையில் இருந்தார். நான் மட்டும் போனேன். ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஆட்காட்டி ஒருவன் இருந்தான். அவன் தலையாட்டினால் ஆள் போனதுதான். வெயிலில் குந்தியிருந்தபோது என் உயிரைவிட அந்த டின்களைத்தான் அதிகம் நினைத்தேன். டின் அகப்பட்டால் உயிரும் இல்லை, ஆகவே இரண்டும் ஒரே கவலைதான்.

அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால், முன்னறையில் துணி காய்கிறது. வெறும் மரச் சட்டங்கள் இரண்டிலும் டின்னும் இல்லை, முள்ளும் இல்லை. அப்பாவின் சாரம், என் கால்சட்டை, அவற்றுக்குப் பக்கத்தில் சுவரோரத்தை மறைத்து ஒரு பெரிய சீலை, எல்லாம் சொட்டச் சொட்ட. எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரன் இது என்ன என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "ரெதி வேலன்ன, மாத்தயா" என்றாராம் அம்மா. துணி காயப்போட. அவன் சாரத்தைப் பிழிந்து பார்த்து, ஈரம் என்று நம்பினானாம்.

"வினாகிரி மரம் ரெண்டையும் தொடல," என்றார் அம்மா. "மறுபடி செய்ய ஏலாதுன்னு சொன்னியே. சீலையை விரிச்சுப் போட்டு அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். துவக்குக் குழலால சீலையைப் பாதி தூக்கினான். நான் நகரல."

சீலையை விலக்கினேன். சுவர் ஓரத்தில் இரண்டு சட்டங்களும் காய்ந்தபடியே இருந்தன. டின்கள் தொங்கின. முள் கொஞ்சமும் பிசகவில்லை. வெறும் பைன் மரம் விற்கும் எந்த மரக்காலையிலும் கிடைக்கும். அதை வெட்டிப் புதிதாகத் தொடங்கலாம். என் படிப்பு பிழைத்திருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷம் மாதிரி அதற்குப் பிறகு வந்ததில்லை.

"நாளைக்கும் வருவாங்களாம்," என்றார் அம்மா. "கொடி இருந்த இடத்துல இல்லாட்டி கேப்பான். அப்படியே இருக்கட்டும். நான் நின்னுக்கிறேன்."

சொல்லிக்கொண்டே சீலைக்கு முன்னால் போய், காலையில் நின்ற அதே இடத்தில் மறுபடி நின்று பார்த்தார். 

விடிந்ததும், அவர் அடுப்படியில் இருக்கும்போதே, வினாகிரி மரத்தின் டின்கள் இரண்டையும் கழற்றி மணலை முற்றத்தில் கொட்டினேன். என் சட்டையை வாளியில் முக்கி, பிழியாமலே அந்தச் சட்டங்களின் மேல் விரித்துப் போட்டேன்.